முதுகுப் பக்கத்து ஒளிப்பட்டை

3 நவம்பர், திங்கள்

விடியற்காலை தூறல். சாலை ஈரம். சங்கிலிக்கு நேற்றே எண்ணெய் விட்டிருக்க வேண்டும். தீபாவளி போய் இரண்டு வாரம் ஆகியும் சோம்பல் போகவில்லை. பாதி வழி வரைக்கும் கிறீச் கிறீச்.

வீட்டை விட்டது 5.50. கம்பெனி கேட் 6.35. எட்டு கிலோமீட்டர். யோங் பெங்கிலிருந்து ஆயர் ஈத்தாம் போகும் பழைய சாலை. ஹைவேயில் சைக்கிள் ஏறக் கூடாது, இதில் ஓட்டலாம். சட்டப்படி எனக்கும் இதில் இடம் உண்டு. லோரிக்காரன் எவனுக்கும் அது தெரியாது.

இன்று காலை பார்த்தது:

– செம்பனைக் குலை ஏற்றிய லோரி, மூன்று. தோளில் உரசாததுதான் குறை. ஒன்றிலிருந்து பழம் உதிர்ந்து என் சக்கரத்துக்கு முன்னால் ஓடியது.

– சிங்கப்பூர் நம்பர் கார். கடந்து முடிக்கும் வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவன் வீட்டு வாசலில் நான் படுத்துக் கிடப்பதாக நினைப்பு.

– விளக்கில்லாத மோட்டார் சைக்கிள். எதிர்த் திசையில், ஓரமாக, நேரே என்னைப் பார்த்து. ஒரு கையில் கைப்பேசி.

– எக்ஸ்பிரஸ் பஸ். அது போன பிறகு வரும் காற்றுக்கு ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

– ஸ்கூல் வேன் ஓட்டும் மலாய்க்காரப் பெரியவர், எல்லோருக்கும் பக்சிக். வழக்கம்போல லேசாக ஒரு ஹாரன், நடுக்கோட்டைத் தாண்டி விலகி, நிதானமாகப் போனார். வெள்ளைத் தொப்பி. வயது அறுபதுக்கு மேல். பெயர் தெரியாது. இந்தச் சாலையில் மனிதன் என்று சொல்ல இவர் ஒருவர்தான்.

எனக்குப் பின்னால் முனியாண்டி. மூன்று மாதமாக அவனும் சைக்கிள். ஒரே தாமான் குடியிருப்பு, ஒரே கம்பெனி, பிளாஸ்டிக் வாளி செய்கிறோம். எனக்கு ஐம்பத்தைந்து, அவனுக்கு ஐம்பத்திரண்டு, இரண்டு பேருக்கும் இனிப்புநீர் வியாதி. என் மோட்டாரை மகன் சிங்கப்பூர் வேலைக்கு எடுத்துக்கொண்டு போனதும் நான் சைக்கிளுக்கு வந்தேன். மு.வை நான்தான் இழுத்துவிட்டேன். விதிமுறை எல்லாம் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். இடது ஓரம். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. மணி. இரண்டு பிரேக். வளைவதற்கு முன் கை. ஜோடியாகப் போய்ப் பேசக் கூடாது, ஒருவர் பின் ஒருவர். கிண்டலடிப்பான். "அண்ணே, நீங்க தப்பிப் பொறந்து கம்பெனிக்கு வந்துட்டீங்க. போலீசுல இருக்க வேண்டிய ஆளு."

ஜாக்கெட்டும் என் ஏற்பாடு. ஆறு மாதம் சூப்பர்வைசரை நச்சரித்து வாங்கியது. சைக்கிள், மோட்டார் ஓட்டுகிற எல்லோருக்கும். கருநீலம். முதுகில் நான்கு விரல் அகலத்துக்கு ஒளிப்பட்டை. விளக்கு பட்டால் போதும், வெள்ளையாக எரியும். நெஞ்சில் கம்பெனிப் பெயர் மட்டும், பட்டை கிடையாது. துணியில் மிச்சம் பிடித்தவர்கள் பட்டையிலும் பிடித்துவிட்டார்கள்.

வாங்க வேண்டியது: மு.வின் பின் விளக்குக்கு பேட்டரி (மங்கல், தண்ணீர் இறங்கியிருக்கும்). என் வழியில்தான் கடை, நான் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறேன். சுகர் மாத்திரை. எறும்பு மருந்து.


4 நவம்பர், செவ்வாய்

மழை இல்லை. முறுக்கு டின் காலி, அடியில் தூள்.

வேலை விட்டு வரும்போது கோப்பிக் கடையில் ஒரு தேத்தண்ணீர். பின் மேசையில் நம் ஆட்கள் இரண்டு பேர், மோட்டார் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு. எனக்குக் கேட்கும் என்று தெரிந்தே பேச்சு.

"சைக்கிள்ல வேலைக்குப் போறது பங்களாதேசுக்காரன்தான். இப்ப நம்மாளுங்களும் ரெண்டு பேரு கெளம்பிட்டானுங்க."

"மானத்த வாங்குறானுங்க லா."

திரும்பிப் பார்க்கவில்லை. சர்க்கரை இல்லாத தேத்தண்ணீர் அதைவிடக் கசப்பாக இல்லை.

பேட்டரிக் கடை மூடிவிட்டான். நாளை.


5 நவம்பர், புதன்

மாலை நான்கு. ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தேன். முனியாண்டியை வேன் அடித்துவிட்டது. உயிர் இருக்கிறது. இடுப்பெலும்பு, வலது தொடை. ஆபரேஷன் நடக்கிறது. அவன் மனைவி பார்வதி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள், அழக்கூட இல்லை.

என் நகத்துக்குள் அவன் ரத்தம். பிரஷ் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

எழுத வரவில்லை.


6 நவம்பர், வியாழன்

லீவு. வெயில். நேற்று இந்த வெயில் இருந்திருந்தால்.

நடந்தது: 6.10 இருக்கும். நல்ல இருட்டு, சாரல். சிறிய பாலம் தாண்டி நான் முன்னால், மு. நாலைந்து சைக்கிள் தூரம் பின்னால். ஹாரன் இல்லை. பிரேக் சத்தம் இல்லை. ஒரு தடார். திரும்பினால் மு. புல்லில், அவன் சைக்கிள் என்னைத் தாண்டிப் போய் விழுந்திருக்கிறது. கொஞ்ச தூரத்தில் வேன் நின்றது. இறங்கி ஓடி வந்தது வெள்ளைத் தொப்பி. ஸ்கூல் வேன் பக்சிக்.

அத்தனை லோரி இருக்க, அத்தனை பஸ் இருக்க, இந்த மனிதர். வேனில் இன்னும் பிள்ளைகளை ஏற்றவில்லை, அந்த மட்டும் நல்லது.

தூங்கியிருப்பார். இல்லையென்றால் கைப்பேசி. இல்லையென்றால் வயதாகிவிட்டது, வீட்டில் இருக்க வேண்டியதுதானே, எதற்கு வேன்? தாமான் வாட்ஸ்அப்பில் வேனின் உடைந்த மூஞ்சி, கீழே நாற்பது பேர் திட்டு. நானும் திட்டி எழுதினேன். எழுதினதும் கை கொஞ்சம் லேசானது. பிறகு மறுபடியும் கனம்.

மனைவி கேட்டாள், "நீங்க முன்னால போனீங்க, உங்கள மட்டும் எப்படி உரசாமப் போச்சு?" அதிர்ஷ்டம் என்றேன்.


7 நவம்பர், வெள்ளி

மூட்டம். போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். நான் ஒருவன்தான் சாட்சி.

சார்ஜன் நல்ல மாதிரி. மலாயில் கேட்டார், நானும் மலாயில். எந்தப் பக்கம் ஓட்டினீர்கள்? இடது ஓரம். ஜோடியாகவா? இல்லை. உங்கள் நண்பர் ஒளிப்பட்டை ஜாக்கெட் போட்டிருந்தாரா? போட்டிருந்தார். பின் விளக்கு? எரிந்தது. சைக்கிளின் பின் விளக்கு தூள் தூளாகிவிட்டது, சரிபார்க்க வழியில்லை. சார்ஜன் தட்டச்சு செய்துகொண்டே தலையை ஆட்டினார். "இவ்வளவு சரியாக ஓட்டுகிற சைக்கிள்காரரை நான் பார்த்ததே இல்லை," என்றார்.

வெளியே பெஞ்சில் பக்சிக். தொப்பி மடியில். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"சாயா தா நம்பாக், எஞ்சிக்." நான் பார்க்கவில்லை, ஐயா. அதையே மூன்று தடவை சொன்னார். கோபமாக இல்லை. தனக்கே விளங்காத ஒன்றைச் சொல்கிற மாதிரி. பிறகு, கண் டெஸ்ட் பண்ணப் போவதாக மலாயிலேயே சொன்னார். "தெனம் பாக்குற ரெண்டு பேரு. எப்படி என் கண்ணுக்குத் தெரியாமப் போச்சு?"

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம், அதே தேதி.

ஸ்டேஷனில் சொல்லாததை இங்கேயாவது எழுத வேண்டும். இந்த நோட்டை யாரும் தொடுவதில்லை.

புதன் காலை குளிர். தாமான் முச்சந்தியில் மு. நடுங்கிக்கொண்டு நின்றான். ஜிப்பு வழியாக நெஞ்சில் காற்று ஏறுகிறது என்றான். "திருப்பிப் போடு லா," என்றேன். "முப்பது வருசமா மோட்டார்ல எப்படிப் போனோம்?" இந்த நாட்டில் மோட்டார் ஓட்டுகிறவன் எவன் ஜாக்கெட்டை நேராகப் போடுகிறான்? முதுகுப் பக்கம் நெஞ்சுக்கு, ஜிப்பு பின்னால், திறந்தபடி. காற்றும் ஏறாது, சட்டையும் அழுக்காகாது. கை தானாகச் செய்கிற வேலை. நானும் அப்படித்தான் போட்டேன். அவனுக்குப் பின்னால் நின்று காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டது இந்தக் கைதான்.

அவன் பின் விளக்கு அணைந்திருந்தது. அதையும் பார்த்தேன். பேட்டரி வாங்காதது நான். வீட்டுக்குப் போய் வேறு விளக்கு எடுத்து வரவா என்று அவன் கேட்டான். "நேரமாச்சு. அதான் ஜாக்கெட்டுல பட்டை இருக்கே, போதும்," என்றேன்.

பட்டை அவன் நெஞ்சில் இருந்தது. ஒரு நிமிடத்துக்கு முன் நானே நெஞ்சுக்குக் கொண்டுபோன பட்டை. எதிரே வந்த லோரிக்காரர்களுக்கெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ஜொலித்திருப்போம். பின்னால் வந்தவருக்கு அவனுடைய கறுப்புச் சட்டை மட்டும்.

பக்சிக்கின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. இதை எழுதிப் பார்க்கத்தான் இரண்டு நாளாக நோட்டைத் திறந்து மூடினேன்.


9 நவம்பர், ஞாயிறு

ஆஸ்பத்திரி. ஒரு மணி நேரம் பஸ்ஸில். ஆப்பிள், மைலோ பாக்கெட்.

மு. விழித்திருந்தான். காலில் கம்பி, இடுப்பைச் சுற்றிக் கட்டு. புதன்கிழமை எதுவும் நினைவில்லையாம். செவ்வாய் ராத்திரி சாப்பிட்ட மீன் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி.

"அண்ணே, நா ஜாக்கெட்டு போட்டிருந்தேன்ல?"

"போட்டிருந்த."

"லைட்டு?"

"எரிஞ்சிச்சி."

மூச்சை விட்டான். முகம் தெளிந்துவிட்டது. "அப்ப என் மேல தப்பு இல்ல. அதான் படுத்துக்கிட்டு யோசிச்சேன், நம்ம மேல தப்பு இருந்தா அந்தப் பெரியவரத் திட்டுறது பாவம்ல?" கொஞ்ச நேரம் கழித்து, "நல்லவேளை, நீங்க விடாம என்னைப் போட வச்சீங்க," என்றான்.

ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தேன். கத்தி இரண்டு தடவை நழுவியதைப் பார்த்து, சுகர் இறங்கிவிட்டதா, ஒரு துண்டு சாப்பிடுங்கள் என்றான். சாப்பிட்டேன்.


12 நவம்பர், புதன்

மறுபடி சைக்கிள். தனியாக. ஜாக்கெட்டை நேராகப் போட்டு, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து. புது பேட்டரி, புது விளக்கு, ஒன்றுக்கு இரண்டு. இப்போது எல்லாம் பிரமாதம்.

பாலம் தாண்டிய இடத்தில் புல் இன்னும் மடங்கிக் கிடக்கிறது. விளக்குக் கண்ணாடி, சிவப்புத் துண்டுகள்.

ஸ்கூல் வேன் வந்தது. வேறு வேன், வேறு ஆள், இளவட்டம். முழங்கையில் காற்று அடிக்கிற அளவுக்கு ஒட்டிப் போனான். பக்சிக்கின் லைசென்ஸை விசாரணை முடிகிற வரைக்கும் வாங்கி வைத்துவிட்டார்களாம். பிள்ளைகளை எல்லாம் இந்தப் பயல் வேனுக்கு மாற்றிவிட்டார்களாம். சாலையில் இருந்த ஒரே மனிதனையும் நான் இறக்கிவிட்டேன்.

ஆபீசில் கூப்பிட்டார்கள். முனியாண்டியின் மேல் தவறு இல்லை என்று போலீஸ் ரிப்போட் வந்தால், கால் சரியாகி வரும் வரைக்கும் அவன் வேலையை வைத்திருப்பார்களாம். "உங்க சாட்சிதான் பெரிய உதவி," என்றாள் ஆபீஸ் பெண். சாட்சியைப் பற்றி எல்லோரும் நன்றாகத்தான் சொல்கிறார்கள்.

மதியச் சோற்று டப்பாவைத் திறக்கவில்லை. அவரைக்காய் பொரியல் அப்படியே திரும்பி வந்தது. மனைவி முறைத்தாள்.


16 நவம்பர், ஞாயிறு

காலை முழுக்க மழை. மாலை பார்வதி கூப்பிட்டு அனுப்பினாள்.

பார்வதி வீட்டில் ரவிக்கை தைக்கிறவள். முன் அறையில் மெஷின், சுவரோரம் துணிக் குவியல். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையைப் பிரித்து வைத்திருந்தாள். மு.வின் சட்டை, கால்சட்டை, ஜாக்கெட். எல்லாவற்றையும் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கழற்றியிருக்கிறார்கள்.

ஜாக்கெட்டை எடுத்து மெஷின்மேல் விரித்தாள். முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ் வரை ஒரே வெட்டு. ஒளிப்பட்டை நடுவில் இரண்டாக.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். ஆஸ்பத்திரியில மல்லாக்கப் படுக்க வச்சுத்தானே வெட்டுவாங்க?"

"ஆமா."

"அப்ப நெஞ்சுப் பக்கம்தானே வெட்டியிருக்கணும். முன்னால ஜிப்பு அப்படியே இருக்கு. முதுகு எப்படிண்ணே ரெண்டாச்சு?"

சுவரில் காலண்டரைப் பார்த்தேன். பார்வதி காத்திருந்தாள். துணியோடு முப்பது வருடம் இருக்கிறவளுக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

"நான்தாம்மா திருப்பிப் போடச் சொன்னேன்," என்றேன். "விளக்கும் எரியல."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். ஜாக்கெட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"போலீசுல என்ன சொன்னீங்க?"

சொன்னேன்.

"அப்படியே இருக்கட்டும்." குரல் கொஞ்சமும் உயரவில்லை. "நீங்க செஞ்சதுக்கு உங்கள நா ஒண்ணும் கேக்கல. ஆனா இப்ப மாத்திச் சொன்னா இவரு வேலை போயிரும். அம்பத்திரண்டு வயசுல, கால்ல கம்பியோட, யாருண்ணே வேலை குடுப்பா? அதோட இவரு தெனமும் என்கிட்ட அதையே சொல்லிட்டுப் படுத்திருக்காரு, எம்மேல தப்பு இல்ல, எம்மேல தப்பு இல்லன்னு."

"அந்தப் பெரியவரு..."

"தெரியும். நானும் சாமி கும்புடுறவதான்."

என் கண் முன்னாலேயே மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட்டைத் தைத்தாள். வெட்டின இடத்தை உள்ளே மடித்து, பட்டையின் இரண்டு துண்டையும் நூல் பிசகாமல் சேர்த்து. கருநீல நூல், பட்டைக்கு மட்டும் வெள்ளை. முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தையல் இருப்பதே தெரியவில்லை.

"இது எங்க வீட்டுல வேணாம். நீங்க கொண்டு போங்க."

கொண்டு வந்தேன். என் ஜாக்கெட்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். வேறு எங்கே வைப்பது?


18 நவம்பர், செவ்வாய்

புழுக்கம். டயர் மாற்றினேன், பின்னது.

கம்பெனியில் இன்று பாதுகாப்புக் கூட்டம். பேசியது யார்? நான். சூப்பர்வைசர் என் தோளில் கை போட்டு நிறுத்தினார், "இவர மாதிரி ஓட்டணும். கூட்டாளி அடிபட்டும் விதி மீறாதவரு." நூறு பேர் கைதட்டினார்கள். இடது ஓரம், முன் விளக்கு, பின் விளக்கு, ஜாக்கெட், எல்லாம் சொன்னேன். ஜாக்கெட்டை எப்படிப் போட வேண்டும் என்று சொல்ல வந்தேன், பாதியில் நிறுத்தி முகத்தைத் துடைத்தேன். அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

வேலை விட்டு வெளியே வந்தால் மோட்டார் நிறுத்துமிடத்தில் கைதட்டின அதே ஆட்கள். முக்கால்வாசிப் பேர் ஜாக்கெட்டைத் திருப்பித்தான் போடுகிறார்கள். நெஞ்செல்லாம் பட்டை. நின்று பார்த்தேன். ஒருவனிடமாவது சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பானே என்று சொல்லவில்லை.

கோழை என்று எழுதி அடித்தேன். அடித்ததை மறுபடி எழுதுகிறேன். கோழை.


22 நவம்பர், சனி

மகன் போன். மோட்டாரைத் திருப்பித் தருகிறானாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறானாம், "நீங்க சைக்கிள்ல போக வேணாம்பா, பயமா இருக்கு." வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பாலத்தை மெதுவாகக் கடக்க வேண்டும் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

மு. போனில் கேட்டான், கேஸ் என்ன ஆச்சு என்று. நடக்கிறது என்றேன்.


25 நவம்பர், செவ்வாய்

காலை 7.30. கம்பெனிக்குப் போகவில்லை. போலீஸ் ஸ்டேஷன் எதிரே கோப்பிக் கடை. சார்ஜன் எட்டு மணிக்குத்தான் வருவாராம். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

வழக்கம்போல 5.50. மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாலத்துக்கு முன்னால், என் விளக்கு வெளிச்சத்துக்குள் திடீரென்று ஒரு சைக்கிள். பத்தடியில்தான் தெரிந்தது. பிரேக்கை அழுத்தி வழுக்கி, எப்படியோ விழாமல் ஒதுங்கினேன். பின் விளக்கு கிடையாது, எதுவும் கிடையாது. கறுப்பாக ஒரு முதுகு.

திட்டுவதற்காக முந்திப் போய்த் திரும்பினேன். நெஞ்சில் பட்டை பளீரென்று எரிந்தது. ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார். அதற்கு மேலே வெள்ளைத் தொப்பி.

லைசென்ஸ் இல்லாமல் சட்டப்படி ஓட்டக்கூடியது இது ஒன்றுதானே. ஒரு தோட்டத்தில் ஜாகா வேலை, காவல் வேலை, கிடைத்திருக்கிறதாம், இரவுக் காவல்காரனைக் காலை ஏழு மணிக்கு மாற்றிவிட வேண்டுமாம். என்னை அடையாளம் தெரிந்து அவரே சொன்னார். என் நண்பனின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். மலாயில்தான் பேசினோம், தமிழில் எழுதுகிறேன்.

"பக்சிக், ஜாக்கெட்ட நேராப் போடுங்க. பின்னாலேர்ந்து ஒண்ணுமே தெரியல. இப்ப நானே உங்கள அடிச்சிருப்பேன்."

சிரித்தார். "மோட்டார்ப் பழக்கம் லா." சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு கழற்றினார். நன்றி சொன்னார். "நல்லவேளை நீங்க சொன்னீங்க. யாரு இதெல்லாம் சொல்றாங்க?"

அதோடு போயிருக்கலாம். அவர் ஒரு கையை நுழைத்திருந்தார். நான் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு என் கூட்டாளியும் இப்படித்தான் போட்டிருந்தான். நான்தான் திருப்பிப் போடச் சொன்னேன். லைட்டும் எரியல. போலீசுல பொய் சொல்லிட்டேன்."

ஒரு லோரி கடந்து போனது. கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருக்கிறது. ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே, அப்படியே நின்றார்.

"அப்ப என் கண்ணு?"

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, பக்சிக்."

இரண்டு இடத்தில் டெஸ்ட் பண்ணினாராம். இரண்டிலும் நன்றாக இருக்கிறது என்றார்களாம். அவர்தான் நம்பவில்லையாம். "இருபது நாளா பேரனத் தூக்கிக்கிட்டுப் படி எறங்கல. கீழ போட்டுருவேனோன்னு பயம்." அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, பாலத்துப் பக்கம் பார்த்தார்.

என்னைத் திட்டவில்லை. கை ஓங்கவில்லை. இன்னொரு கையையும் நுழைத்து, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அந்தப் பட்டை வளைவு வரைக்கும் என் விளக்கில் எரிந்துகொண்டே போனது. அவ்வளவு தூரத்துக்குத் தெரிகிறது. அவ்வளவு தூரத்துக்கு.

நான் வீட்டுக்குத் திரும்பி மு.வின் ஜாக்கெட்டை ஆணியிலிருந்து எடுத்தேன். எங்கே போகிறேன் என்று மனைவி கேட்டாள். ஸ்டேஷனுக்கு என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, குடையைக் கையில் கொடுத்தாள்.

ஜாக்கெட் இப்போது பையில், காலடியில். பார்வதியின் தையலை விரலால் தேடினால்தான் தட்டுப்படுகிறது. சார்ஜனுக்கு நான்தான் காட்ட வேண்டியிருக்கும்.

7.44. பார்வதி அழைத்தாள். எடுக்கவில்லை.

7.46. வாட்ஸ்அப். "அண்ணே, நேத்து சாயங்காலம் ரெண்டு பேரு புடிச்சிக்க இவரு எழுந்து நின்னாரு. வேலைக்குப் போயிருவேன்னு சொல்லச் சொன்னாரு. மொதல்ல உங்ககிட்டதான் சொல்லணுமாம்."

7.52. சார்ஜனின் மோட்டார் உள்ளே போகிறது.